ஏற்காட்டில் காட்டெருமை பார்க்க வழிகாட்டி தேவையா: ஒரு காலைநடைச் சேவை பற்றிய மதிப்பீடு

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமையைப் பார்க்க விரும்புகிறவர், கூலி கொடுத்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டுமா, அல்லது விடியற்காலையில் தாமாகவே எஸ்டேட் சாலைகளில் நடந்து பார்த்துக்கொள்ளலாமா என்று சேலத்து நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாகலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் நடத்தும் காலைநடைச் சேவையை நானும் என் குடும்பத்தாரும் மழைக்காலத்திலும் கோடையிலும் பயன்படுத்தியிருக்கிறோம். அவருக்குக் கடையோ பெயர்ப்பலகையோ கிடையாது. தெரிந்தவர் சொல்லி வருகிறவர்களை மட்டுமே அழைத்துப் போகிறார். ஆகவே அவர் பெயரைக் குறிப்பிடாமல், அவர் செய்கிற வேலை என்ன, அதற்கு அந்தக் கூலி தகுமா என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவன் டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். அங்கே மான் வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, எத்தனை மான் என்ற வரம்பும் உண்டு. பெரிய கொம்புள்ள ஆண் மானைச் சுட்டு அதன் தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டும் டிராபி வேட்டை அங்கே பெரிய தொழில். அந்த மாநிலத்தில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது என்பதால், பண்ணை உரிமையாளரிடமோ அவர் அமர்த்திய வழிகாட்டியிடமோ பணம் கட்டாமல் வேட்டைக்கு இடம் கிடைப்பது அரிது. வேறு சில மாநிலங்களில் சட்டமே வழிகாட்டியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வயோமிங்கில் வெளிமாநிலத்தார் கூட்டரசின் பாதுகாக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளுக்குள் பெருவிலங்கு வேட்டைக்குப் போவதானால் வழிகாட்டியோடுதான் போக வேண்டும்; அலாஸ்காவில் பழுப்புக் கரடி, மலையாடு போன்றவற்றுக்கு வெளிமாநில வேட்டைக்காரர் தனியாகப் போக முடியாது. அவனுடைய அலுவலகத்து நண்பர்கள் ஒரு வேட்டைக்குத் திட்டமிட்டபோது, இவ்வளவு பணம் கொடுத்து வழிகாட்டி எதற்கு என்று அவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்ததாம். பண்ணையில் இருந்த வழிகாட்டி சொன்ன ஒரு விஷயத்தை அவன் என்னிடம் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, கொம்பைப் பார்த்து மானோட வயசைச் சொல்லக் கூடாதாம். கழுத்து எவ்வளவு தடிச்சிருக்கு, வயிறு தொங்கியிருக்கா, முதுகு எப்படி இருக்குன்னு பார்க்கணுமாம். அது தெரியாம சுட்டா, வளர வேண்டிய மானைக் கொன்னுடுவோமாம்."

இந்தச் செய்தி உறவினர் வீடுகளில் பரவியதும், ஏற்காட்டிலும் அப்படி ஏற்பாடு உண்டா என்று விளையாட்டாகவும் விவரம் தெரியாமலும் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமானோ கடமானோ காட்டெருமையோ எதுவானாலும் வேட்டையாடுவது குற்றம். மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் விலங்குகளின் பட்டியலான அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் காட்டெருமை இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அதோடு அபராதமும் உண்டு. உயிரைக் கொல்வது மட்டுமே குற்றம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மான் ஆண்டுதோறும் தானாக உதிர்க்கும் கொம்பைக் காட்டில் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் சட்டத்துக்குப் புறம்பானதே. அது அரசின் சொத்து. பழைய பங்களாக்களின் வரவேற்பறையில் கொம்புகள் மாட்டியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, "ஒரு ஜோடி கிடைக்குமா?" என்று கேட்கிற சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள், "கிடைக்கும்" என்று குரல் தாழ்த்திச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர் எவ்வளவு காடு தெரிந்தவராக இருந்தாலும் அவரோடு ஓர் அடி கூட நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேட்டை இல்லை என்றான பிறகு பார்ப்பது மட்டும்தானே, அதற்கு எதற்கு ஆள் என்று தோன்றலாம். மானின் வயதைக் கழுத்திலும் வயிற்றிலும் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே கூலி கொடுக்கிறார்கள் என்றால், காட்டெருமையின் மனநிலையை அதன் உடம்பில் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே கூலி கொடுப்பது அதைவிட அவசியம் என்று நான் சொல்வேன். காரணம் எளிது. வளர்ந்த ஆண் காட்டெருமை 700 முதல் 1,000 கிலோ வரை எடை இருக்கும், தோள் உயரம் ஏறக்குறைய ஆறடி, அது நிற்கும் காப்பித் தோட்டத்துக்கும் நமக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு முள்வேலி கூட இருக்காது. தோட்டத்துக்கு வேலைக்குப் போனவரைக் காட்டெருமை முட்டியது என்ற செய்தியைச் சேலம் பதிப்பு நாளிதழ்களில் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம்முடைய வழிகாட்டி காலை ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரையில் வந்து நிற்பார். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. வெயில் ஏறியதும் காட்டெருமைகள் மேய்ச்சலை நிறுத்திப் புதருக்குள் படுத்து அசைபோடத் தொடங்கிவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானது. நால்வருக்கு மேல் ஒரே நேரத்தில் அழைத்துப் போவதில்லை. நடை சுமார் மூன்று மணி நேரம். எங்களிடம் குழுவுக்கு 1,500 ரூபாய் வாங்கினார். தலைக்குக் கணக்குப் போட்டால் ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிடுகிற செலவுதான். புறப்படுவதற்கு முன் உடையைப் பார்ப்பார். வெள்ளைச் சட்டையோ பளிச்சென்ற சிவப்போ இருந்தால் மேலே போர்த்திக்கொள்ளச் சொல்வார். வாசனைத் திரவியம் பூசிவந்த என் மைத்துனரைக் குழாயடியில் கழுவிவிட்டு வரச் சொன்னார், ஏனென்றால் காட்டெருமைக்குக் கண்ணைவிட மூக்கே கூர்மை.

அவர் எந்தத் தோட்டத்துக்குள் கூட்டிப் போகிறாரோ அந்தத் தோட்டத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார் என்பதுதான் இச்சேவையில் எனக்கு முதலில் பிடித்த அம்சம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இம்மலையின் மேற்பரப்பு தனியார் தோட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றுக்கு இடையிடையே வனத்துறையின் பொறுப்பிலுள்ள காப்புக்காடு வருகிறது. சில்வர் ஓக் மரமும் மிளகுக்கொடியும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்போது தோட்டம் எங்கே முடிந்தது, காப்புக்காடு எங்கே தொடங்கியது என்பது புதிதாக வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். எல்லைக்கல்லைக் காட்டி, "இதுக்கு அந்தப் பக்கம் நாம போறதில்லைங்க" என்று அவர் நிறுத்திய இடத்தில், கீழே சரிவில் ஒரு நீரோடை தெரிந்தது. படம் எடுக்க அது அருமையான இடம் என்று என் மைத்துனர் எவ்வளவோ கேட்டும் அவர் இறங்க விடவில்லை.

கோடையில் ஒருநாள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இவருடைய வேலையின் தரம் விளங்கும். காப்பிப் பூ உதிர்ந்து காய் பிடிக்கத் தொடங்கிய நேரம். பாதையில் சாணி கிடந்தது. அவர் குனிந்து அதன் மேல்தோலைக் குச்சியால் விலக்கிப் பார்த்தார். உள்ளே பச்சையாக, ஈரம் காயாமல், ஈ மட்டும் வந்து சேரத் தொடங்கியிருந்தது. பிறகு ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றின் போக்கைப் பார்த்து, எங்களைப் பாதையின் மறுபக்கமாகச் சுற்றி அழைத்துப் போனார். அரை மணி நேரம் நடந்திருப்போம். பள்ளத்தின் எதிர்ச்சரிவில் ஐந்தாறு உருவங்கள் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல நிறம், பழுப்பு உடம்பு, நடுவே ஒரு கன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு என்பதால் பார்த்தவுடன் எல்லாமே ஆண் என்று நாங்கள் நினைத்தோம். "இதுங்கள்லாம் பொட்டைங்க. நிறம் பாருங்க, பழுப்பா இருக்குதில்ல. கிடாய் கறுப்பா இருக்கும், முதுகுல திமில் ஏறின மாதிரி மேடு இருக்கும். கன்னு இருக்கிறதால இந்த மந்தைக்கு இப்ப மனசு சரியில்லைங்க" என்றார்.

சற்று நேரத்தில் மந்தையின் முன்னால் நின்ற வயதான பெண் விலங்கு தலையைத் தூக்கியது. காதுகள் எங்கள் பக்கம் திரும்பின. மூக்கிலிருந்து சீறல் போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது தன் உடம்பின் பக்கவாட்டு முழுவதையும் எங்களுக்குக் காட்டும்படி மெதுவாகத் திரும்பி நின்றது. எனக்கு அது படம் எடுப்பதற்கென்றே நின்றதுபோலத் தோன்றியது, கேமராவைத் தூக்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சார், அது நம்மளைப் பார்த்தாச்சுங்க. உடம்பைக் காட்டுதுன்னா, நான் இவ்வளவு பெருசு, போயிடுன்னு சொல்லுதுன்னு அர்த்தம். திரும்பி ஓட வேண்டாம், பின்னாலயே ஒவ்வொரு அடியா வெச்சு வாங்க." அப்படியே வந்தோம். மந்தை மேய்ச்சலுக்குத் திரும்பும்வரை ஒரு பலாமரத்தின் மறைவில் நின்றோம். அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த படம் தெளிவாக வரவில்லை. ஆனாலும் அந்தக் கூலி முழுவதும் அந்த ஒரு நிமிடத்துக்கே தகும் என்று நான் நம்புகிறேன். வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் அந்த விலங்கு பக்கவாட்டில் திரும்பிய கணத்தில் நான் இன்னும் பத்தடி முன்னே போயிருப்பேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்வார்கள்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு ஏற்பாடும் மலையில் நடக்கிறது. ஒரு தங்கும் விடுதியில் இரவு நேர ஜீப் பயணத்துக்கு ஆள் பிடிப்பதைப் பார்த்து, உறவினர் குடும்பத்தோடு ஒருமுறை ஏறினோம். "காட்டெருமை கண்டிப்பாகக் காட்டுவோம், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்பது அவர்களுடைய வாக்குறுதி. அதை நிறைவேற்றுவதற்காக அவர்கள் செய்ததெல்லாம், குப்பனூர் சாலைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மந்தைமேல் பெரிய விளக்கை அடித்து, அது நகரத் தொடங்கியதும் வண்டியை அதன் பக்கமாகவே ஓட்டிச் சென்று, குழந்தைகள் கூச்சலிடும்வரை நிறுத்தாமல் இருந்ததுதான். கன்று தாயிடமிருந்து பிரிந்து சாலையின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. வண்டிக்குள் இருந்த எனக்கு அந்த இரவு மிகுந்த வேதனையாக இருந்தது. வாக்குறுதி கொடுக்கிற எந்தச் சேவையும் ஏதோ ஒரு கட்டத்தில் விலங்கைத் துரத்தித்தான் தீர வேண்டும். காட்டில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது தெரிந்த ஆள் அந்த வாக்குறுதியைக் கொடுக்கவே மாட்டார். நாகலூர்க்காரரால் ஒரு மழைக்கால நடையில் எங்களுக்குச் சாணியையும் குளம்படித் தடத்தையும் தவிர எதையும் காட்ட முடியவில்லை. அன்றைக்கும் முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டார், அது சரிதான்.

ஆகவே வழிகாட்டியை அமர்த்தும் முன் "என்ன காட்டுவீர்கள்?" என்று கேட்பதைவிட, எந்தத் தோட்டம், யாரிடம் அனுமதி, எத்தனை பேர் வருவார்கள், மந்தையில் கன்று இருந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், மூடுபனி இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது பயன்தரும். இந்தக் கடைசிக் கேள்வி ஏற்காட்டுக்கு மிக முக்கியம். பனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் நிற்பது பாறையா விலங்கா என்று தெரியாது. நாங்கள் கேட்டபோது அவர் யோசிக்காமல், "பனி இறங்கினா நடை முடிஞ்சதுங்க, தார் ரோட்டுக்கு வந்துடுவோம்" என்றார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வகுத்தது. 2024-இல் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 தடங்களைத் தேர்ந்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தி, இணையவழி முன்பதிவோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. காப்புக்காட்டுக்குள் நடக்க விரும்புகிறவர்களுக்கு வனத்துறை வழியாகப் போவது ஒன்றே சரியான வழி. தனியார் வழிகாட்டி எவரும், "வனத்துறை ஆள் நமக்குத் தெரிந்தவர்தான்" என்று சொல்லி உள்ளே அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

எல்லாருக்கும் வழிகாட்டி தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு மானைக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், மலையேறுவதற்கு முன் அடிவாரத்திலுள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போனாலே போதும். அங்கே புள்ளிமானும் கடமானும் இருக்கின்றன. புள்ளிமான் ஆண்கள் எல்லாம் ஒரே காலத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை என்பதால், முற்றிய கொம்போடு ஒன்று, வெல்வெட் போன்ற தோல் மூடிய இளங்கொம்போடு ஒன்று, கொம்பே இல்லாத ஆண் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே வாய்ப்புக் கிடைக்கும். என் அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தபோது அவனை அங்கேதான் முதலில் அழைத்துப் போனேன்; கொம்பை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்து வயதை ஊகிக்க அவன் முயன்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பறவை பார்க்கிறவர்களும் ஓரளவு பழக்கம் இருந்தால் தாமாகவே சமாளித்துக்கொள்ளலாம். செம்மீசைச் சின்னான் ஏரிக்கரையிலேயே கிடைக்கும். சாம்பல் காட்டுக்கோழியின் கூவல் தார்ச்சாலையில் நிற்கும்போதே தோட்டத்துக்குள்ளிருந்து கேட்கும். தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்கு வழிகாட்டியே வேண்டியதில்லை. பகலில் சேர்வராயன் கோவிலுக்கும் பகோடா பாயின்டுக்கும் வண்டியில் போய் வருகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண்.

காட்டெருமையை அதன் இடத்தில், கால்நடையாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் என் பதில் உறுதியானது: வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். அந்த வழிகாட்டியும் மலையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். நம்மவர் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். சிறுவயதில் அப்பாவோடு தோட்டக் காவலுக்குப் போய்ப் பழகிய கண் அவருடையது. கல்லூரியில் வனவியல் படித்த என் நண்பர் ஒருவர் கூட வந்திருந்தபோது, குளம்படித் தடத்தின் விளிம்பு எவ்வளவு இடிந்திருக்கிறது என்பதை வைத்து விலங்கு கடந்துபோன நேரத்தை வழிகாட்டி சொன்ன விதத்தைக் கேட்டு, குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை அவரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். முதலுதவிப் பெட்டி எதுவும் அவர் கையில் இருப்பதில்லை. அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் வைத்திருக்கிறார், ஆனால் கால் பிசகினால் கட்டுவதற்கு ஒரு துணிப்பட்டை கூட இல்லை. கைப்பேசி அலைவரிசை எட்டாத பள்ளங்களில் நடக்கும்போது இது கவலை தருகிறது. முதியவர்களின் வேகத்துக்கு ஏற்ப அவர் நடப்பதில்லை. என் மாமியார் இரண்டாவது ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தோட்டத்துக் கங்காணி வீட்டில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை அழைத்துப் போக வேண்டியதாயிற்று. பணம் வாங்கியதற்கு ரசீது கிடையாது. பேச்சும் குறைவு, கேட்டால்தான் விளக்குவார், கேட்காவிட்டால் மூன்று மணி நேரமும் மௌனமாகவே நடப்பார். பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் கேள்விகளை முன்பே எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

நீர் குறையும் பிப்ரவரி முதல் மே வரை விலங்குகள் தோட்டத்துக் குட்டைகளைத் தேடி வருவதால் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் மே மாதத்தில் கோடை விழாக் கூட்டம் மலையை நிறைத்துவிடும். வார நாளில் வருவது நலம். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம், தோட்டமெங்கும் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால் அந்த மாதங்களில் அவரே நடையை ஒத்திப்போடச் சொல்வார். சேலத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் கடந்து ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேருவதைவிட, முந்தின இரவே மேலே தங்கிவிடுவது உசிதம். கூலியைத் தங்கும் விடுதி மூலமாகக் கொடுக்காமல் நடை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுங்கள். இடையில் நிற்பவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அவருக்குப் போகிறது என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னார்.